ரீசார்ஜ் கடையில் மிஞ்சிய நான்கு பெயர்கள்

பெங்களூரு ஈஜிபுராவில் ஒரு ரீசார்ஜ் கடைக்குப் போய் சிம் கார்டு கேட்டால் இன்று கிடைக்கக்கூடியவை நான்கு: ஜியோ, ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல். கர்நாடகத்தில் கைப்பேசிச் சேவை தொடங்கிய காலத்திலிருந்து வந்துபோன பெயர்களோ பல. ஜே.டி. மொபைல்ஸ், ஸ்பைஸ், ஹட்ச், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ், டாடா இண்டிகாம், டோகோமோ, ஏர்செல், எம்.டி.எஸ். என்று பட்டியல் நீளும். சில நிறுவனங்கள் விற்கப்பட்டன, சில இன்னொன்றோடு இணைந்தன, சில கடனில் மூழ்கின. இதே காலத்தில் இணைய டேட்டாவின் விலை நம்ப முடியாத அளவுக்குச் சரிந்தது. அரசு தரும் கணக்கின்படி 2014இல் ஒரு ஜிபி சுமார் 269 ரூபாய்; 2024இல் சுமார் 9 ரூபாய்.

நிறுவனங்கள் குறைந்தன, விலையும் குறைந்தது என்றால் போட்டி குறைந்ததைப் பற்றிக் கவலைப்பட என்ன இருக்கிறது? பொருளாதார அறிஞர்கள் பலரும் அமைச்சர்கள் அநேகமாக எல்லோரும் இந்தக் கேள்வியோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். ஈஜிபுரா போன்ற ஒரு பேட்டையிலிருந்து பார்த்தால் அது அங்கே முடிவதில்லை.

கோரமங்களாவை ஒட்டியிருக்கிறது ஈஜிபுரா. ஃப்ளிப்கார்ட் 2007இலும் ஸ்விகி 2014இலும் பிறந்தது அந்தக் கோரமங்களாவில்தான். அந்த அலுவலகங்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் சமைக்க, கூட்ட, காவல் காக்க, உணவு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவர்களில் கணிசமானவர்கள் ஈஜிபுராவின் சிறு வீடுகளில் வாழ்கிறார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே சந்தில் கேட்கும். 2013 ஜனவரியில் இங்கிருந்த ஏழைகளுக்கான மாநகராட்சிக் குடியிருப்பு இடிக்கப்பட்டு, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. வீடு மாறிக்கொண்டே இருக்கிறவர்களுக்குக் கைப்பேசி எண்தான் நிலையான முகவரி. வேலை அதன் வழியாகத்தான் வருகிறது. ரேஷனுக்கும் வங்கிக்கும் ஓ.டி.பி. அதில்தான் வந்து சேர்கிறது.

இங்குள்ள தமிழர்களுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. இந்தியத் தொலைத்தொடர்பு உரிமங்கள் தொடக்கத்தில் வட்டம் வட்டமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. கர்நாடகம் ஒரு வட்டம், தமிழ்நாடு வேறொரு வட்டம், சென்னை அன்று தனி வட்டம். ஈஜிபுராவிலிருந்து ஓசூர் சுமார் 35 கிலோமீட்டர்தான். அத்திப்பள்ளியைத் தாண்டியதும் கைப்பேசி 'ரோமிங்' ஆகிவிடும். வருகிற அழைப்புக்கும் காசு போகும். கிருஷ்ணகிரிக்கோ தருமபுரிக்கோ பேசினால் எஸ்.டி.டி. கட்டணம்.

கர்நாடக வட்டத்தில் முதலில் உரிமம் பெற்ற தனியார் நிறுவனங்கள் இரண்டு: ஜே.டி. மொபைல்ஸ், ஸ்பைஸ். 1999இல் ஜே.டி.யைப் பாரதி நிறுவனம் தன் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு சென்னையின் ஸ்கைசெல்லும் அதன் கைக்கு வந்தது. இரண்டும் ஏர்டெல் ஆயின. ஸ்பைஸை 2008இல் ஐடியா வாங்கியது. 2002இல் கர்நாடகத்துக்குள் வந்த ஹட்ச்சை 2007இல் வோடஃபோன் எடுத்துக்கொண்டது. இந்த முதல் அலை இணைப்புகளைக் குறை சொல்வது கடினம். வாங்கிய நிறுவனமும் விற்ற நிறுவனமும் பெரும்பாலும் வெவ்வேறு வட்டங்களில் இருந்தவை. ஒரு வட்டத்துக்குள் போட்டியாளர் எண்ணிக்கை அதனால் குறையவில்லை. துண்டு துண்டாகக் கிடந்த வலைப்பின்னல்கள் சேர்ந்து நாடு தழுவியவை ஆயின. பொதுத்துறையும் அப்போது சும்மா இருக்கவில்லை. 2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். இரண்டும் 'ஒன் இந்தியா' திட்டத்தின்கீழ் நாட்டின் எந்த மூலைக்கும் நிமிடம் ஒரு ரூபாய் என்று அறிவித்தபோது, பெங்களூருத் தமிழர்களின் ஊர்ப் பேச்சு நீண்டது.

பிறகு வந்தது நெரிசல் காலம். 2008இல் புதிய 2ஜி உரிமங்கள் மலிவாக அள்ளிக் கொடுக்கப்பட்டன. 2009இல் டாடா டோகோமோ விநாடிக்கு ஒரு பைசா என்ற கணக்கைக் கொண்டுவந்ததும் மற்ற எல்லாரும் நிமிடக் கணக்கைக் கைவிட வேண்டியதாயிற்று. தெருவில் குடை விரித்து உட்கார்ந்து இலவசமாக சிம் கொடுத்த காலம் அது. 2012 பிப்ரவரி 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. அந்த நெரிசலைப் பொற்காலம் என்று நினைவுகூர்வது சரியாகாது. அலைக்கற்றை பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சிறு சிறு துண்டாகப் பிரிந்திருந்ததால் யாருடைய வலைப்பின்னலும் நன்றாக வேலை செய்யவில்லை. ஆனாலும் அந்தக் காலத்தின் ஒரு குணம் முக்கியமானது: மாதம் ஐம்பது ரூபாய் செலவழிக்கும் வாடிக்கையாளரைத் தேடிப் பிடிப்பதையே தொழிலாக வைத்திருந்த நிறுவனங்கள் அப்போது இருந்தன. ஏர்செல், டெலினார், டாடா ஆகியவை அப்படிப்பட்டவை.

அடுத்த பாய்ச்சலுக்கு விதை 2010இல் விழுந்தது. கம்பியில்லா அகலக்கற்றை அலைக்கற்றைக்கான ஏலத்தில், பெயர் கேட்டறியாத இன்ஃபோடெல் என்ற சிறு நிறுவனம் சுமார் 12,848 கோடி ரூபாய்க்கு நாடு முழுவதற்கும் உரிமை பெற்றது. ஏலம் முடிந்த கையோடு ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் அதன் 95 விழுக்காட்டுப் பங்குகளை 4,800 கோடிக்கு வாங்கியது. அது டேட்டாவுக்கு மட்டுமான உரிமம். 2013இல் 1,658 கோடி ரூபாய் செலுத்திக் குரல் சேவைக்கும் அனுமதி பெறப்பட்டது. இந்த மாற்றம் முறையா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2016இல் தள்ளுபடியானது. 2016 செப்டம்பர் 5ஆம் தேதி அந்நிறுவனம் ஜியோ என்ற பெயரில் வணிகச் சேவையைத் தொடங்கியது. அழைப்புகள் முற்றிலும் இலவசம்; டேட்டாவும் டிசம்பர் வரை, பிறகு மார்ச் வரை இலவசம்.

இதில் தொழில்நுட்பத்தின் பங்கு எவ்வளவு, பணபலத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றும் 2ஜி, 3ஜி, 4ஜி என்று மூன்று தலைமுறைக் கருவிகளை ஒரே நேரத்தில் நடத்திக்கொண்டிருந்தன. குரலுக்கு ஒரு வழி, டேட்டாவுக்கு வேறொரு வழி. ஜியோவிடம் 4ஜி மட்டும்தான். அதில் பேச்சும் டேட்டாவாகவே போகிறது. ஒரு நிமிடப் பேச்சுக்கு ஆகும் டேட்டா ஒரு சிறு படத்தை விடக் குறைவு. ஆகவே அழைப்புக்குத் தனி விலை வைக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. வருமானத்தில் பெரும்பகுதியை அழைப்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்த பழைய நிறுவனங்களுக்கு இது அடிமடியில் கைவைத்ததாயிற்று.

அடுத்த சண்டை இரண்டு வலைப்பின்னல்கள் சந்திக்கும் இடத்தில் நடந்தது. ஒரு நிறுவனத்தின் எண்ணிலிருந்து மற்றொன்றின் எண்ணுக்கு அழைத்தால், அழைத்த நிறுவனம் பெற்ற நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு 14 பைசா தர வேண்டும் என்பது அன்றைய விதி. அந்த அழைப்புகள் கடந்துபோகப் போதுமான இணைப்புப் புள்ளிகளைப் பழைய நிறுவனங்கள் தரவில்லை, கோடிக்கணக்கான அழைப்புகள் தோற்றுப்போகின்றன என்று ஜியோ முறையிட்டது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 அக்டோபரில் அந்த மூன்று நிறுவனங்களுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப் பரிந்துரைத்தது. 14 பைசா 2017 அக்டோபரில் 6 பைசாவாகி, 2021 ஜனவரியில் பூஜ்யமானது. தொலைத்தொடர்பில் புதிதாக வருகிறவருக்குக் கோபுரமும் அலைக்கற்றையும் இருந்தால் போதாது. எதிரியின் வாடிக்கையாளரை அழைக்க எதிரியின் தயவு தேவை. அதனால்தான் இந்தத் துறையில் சந்தை தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட முடியாது.

ஏர்டெல் தன் பங்குக்கு இந்தியப் போட்டி ஆணையத்திடம் போனது. அடக்கவிலைக்கும் கீழே விற்றுப் போட்டியாளரைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்பது புகார். சந்தையில் 7 விழுக்காட்டுக்கும் குறைவாக வைத்திருக்கும் நிறுவனத்தை ஆதிக்க நிலையில் இருப்பதாகக் கருத முடியாது என்று ஆணையம் 2017 ஜூனில் புகாரைத் தள்ளியது. சட்டத்தின் எழுத்துப்படி அது சரியான தீர்ப்பு. ஆனால் அந்த எழுத்துக்கே ஒரு குறை உண்டு. வேறு தொழிலில் குவித்த பெரும் மூலதனத்தோடு வந்து, ஆண்டுக்கணக்கில் நஷ்டம் தாங்கக்கூடியவரின் பலம் இன்றைய சந்தைப் பங்கில் தெரியாது. நாளைய சந்தையில்தான் தெரியும்.

நாளை சீக்கிரமே வந்தது. டெலினார் தன் இந்தியத் தொழிலை ஏர்டெல்லிடம் ஒப்படைத்தது. 2018 மே மாதம் அது முடிந்தது. டாடாவின் கைப்பேசிப் பிரிவு 2019 ஜூலையில் அதே ஏர்டெல்லுக்குள் போனது. இரண்டிலும் விலை என்று சொல்லத்தக்க பணம் கைமாறவில்லை. அலைக்கற்றைக் கடன் பாக்கியை ஏற்றுக்கொண்டதே பெரிய விலை. அனில் அம்பானியின் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் ஏர்செல்லும் இணைவதாக 2016இல் அறிவித்து 2017இல் கைவிட்டன. முன்னது 2017 இறுதியில் கைப்பேசிச் சேவையை மூடியது. பின்னது 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் திடீரென்று செத்தது. வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்யத் தேவையான குறுஞ்செய்தியைக்கூட அனுப்ப முடியாமல் மக்கள் கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். பெங்களூரில் இருந்தவர்களுக்கு ஊரிலுள்ள அம்மாவின் எண் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' போயிற்று.

எல்லாவற்றிலும் பெரியது வோடஃபோன்-ஐடியா இணைப்பு. 2018 ஆகஸ்ட் 31இல் அது நிறைவேறியபோது வாடிக்கையாளர் சுமார் 40.8 கோடி, நாட்டின் மிகப்பெரிய நிறுவனம். இன்று அந்த எண்ணிக்கை 20 கோடி அளவுக்கு இறங்கிவிட்டது. இரண்டு கடன்கார நிறுவனங்கள் சேர்ந்தால் கடன்தான் சேரும். வருவாயில் எதையெல்லாம் கணக்கில் சேர்த்து உரிமக் கட்டணம் கட்ட வேண்டும் என்ற பழைய வழக்கில் 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அரசுப் பக்கம் தீர்ப்பளித்ததும், இணைந்த நிறுவனமான வி-யின் தலையில் மட்டும் 58,000 கோடிக்கு மேல் விழுந்தது.

ஒரு சந்தை எவ்வளவு சிலர் கையில் குவிந்திருக்கிறது என்ற செறிவை அளக்க ஹெர்ஃபிண்டால்-ஹிர்ஷ்மன் குறியீடு என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு நிறுவனத்தின் சந்தைப் பங்கையும் அதனாலேயே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். 2016 மார்ச்சில் ஏர்டெல் 24, வோடஃபோன் 19, ஐடியா 17, மற்றவர்கள் பத்தும் அதற்குக் கீழும். கூட்டினால் சுமார் 1,500 வருகிறது. 2024 இறுதியில் ஜியோ 40, ஏர்டெல் 33, வி 18, பி.எஸ்.என்.எல். 8 என்ற அளவில் வைத்துக் கூட்டினால் 3,000ஐத் தாண்டுகிறது. அமெரிக்க அரசின் 2023 வழிகாட்டு நெறிகள் 1,800க்கு மேற்பட்ட சந்தையை மிகச் செறிவானதாகக் கருதுகின்றன.

குறியீட்டை விடத் தெளிவாகப் பேசுவது கடையில் கேட்கும் விலை. நாளுக்கு 1.5 ஜிபி தரும் ஜியோவின் 28 நாள் திட்டம் 2019 டிசம்பரில் 199 ரூபாய். 2021 டிசம்பரில் 239. 2024 ஜூலையில் 299. மூன்று முறையும் மூன்று தனியார் நிறுவனங்களும் சில நாள் இடைவெளியில் ஏற்றின. கூடிப் பேசித்தான் ஏற்றினார்கள் என்று கருத வேண்டியதில்லை. மூன்றே பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் ஏற்றினால் மற்றவர்கள் பின்தொடர்வது எல்லோருக்குமே லாபம். இந்த விலையும் உலக அளவில் மலிவுதான் என்று நிறுவனங்கள் சொல்வது உண்மை. 2017, 2018இன் விலையில் யாரும் பிழைத்திருக்க முடியாது என்பதும் உண்மை.

ஆனால் இன்னொரு விலை இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எண்ணை உயிரோடு வைத்திருக்க, அதாவது வருகிற அழைப்பைப் பெற மட்டும், ஒருவர் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை. 2018 வரை 'லைஃப்டைம்' சிம் வைத்திருந்தவர்கள் பத்து ரூபாய் டாப்-அப்பில் மாதக்கணக்கில் ஓட்டினார்கள். வோடஃபோன்-ஐடியா இணைந்த சில மாதங்களில், 2018 இறுதியில், குறைந்தபட்ச ரீசார்ஜ் 35 ரூபாய் என்ற விதி வந்தது. ஏர்டெல்லில் அது 2021 ஜூலையில் 79, நவம்பரில் 99, 2022–23இல் 155, 2024 ஜூலையில் 199. டேட்டா ஜிபி ஒன்றுக்கு 9 ரூபாய்க்குச் சரிந்த அதே ஆண்டுகளில், பேச மட்டும் கைப்பேசி வைத்திருப்பவரின் செலவு ஐந்து மடங்குக்கு மேல் ஏறியது. சராசரி விலை இறங்கியது. நுழைவு வாசலின் விலை ஏறியது. இணைப்புகளின் உண்மையான விளைவு இதுதான். மறைந்த நிறுவனங்கள் எந்த வாடிக்கையாளரை நம்பி வாழ்ந்தனவோ, அவரை இன்று யாரும் தேடவில்லை. வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து கிடைக்கும் சராசரி வருவாயை வைத்துத்தான் பங்குச் சந்தை நிறுவனங்களை மதிப்பிடுகிறது; ஐம்பது ரூபாய்க்காரர் அந்தச் சராசரியைக் கீழே இழுக்கிறார்.

ஈஜிபுராவில் நான்கு கைப்பேசி உள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். 299 ரூபாய்த் திட்டம்; 28 நாள் என்பதால் ஆண்டுக்கு 13 ரீசார்ஜ். மொத்தம் 15,548 ரூபாய். உணவு விநியோகம் செய்யும் இளைஞருக்கு டேட்டா இல்லாமல் ஒரு நாள்கூட வேலை நடக்காது. அவருக்கு அந்தத் திட்டம் பொருந்தும். பாத்திரம் தேய்க்கப் போகும் அம்மாவுக்கு வேண்டியது வீட்டுக்காரரின் அழைப்பு மட்டும். இந்தக் கணக்கில் இருவரும் கட்டுவது ஒரே விலை.

புதிய தொழில்நுட்பம் வந்து இந்தக் கட்டை உடைக்குமா? ஒரு தலைமுறைத் தொழில்நுட்பம் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வந்தவருக்குப் பின்னால் அதை மூடிவிடுகிறது என்பதே இதுவரையிலான அனுபவம். 2017இல் 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்கு வந்த ஜியோஃபோன் ஏழைகள் கைக்கு 4ஜியைக் கொண்டுவந்தது. அதில் வேறு நிறுவனத்தின் சிம் வேலை செய்யாது. 2022 அலைக்கற்றை ஏலத்தின் மொத்தத் தொகை சுமார் 1.5 லட்சம் கோடி. 5ஜிக்கு ஐந்தாவது நிறுவனம் வருவதை அந்தத் தொகையே தடுத்துவிடும். செயற்கைக்கோள் இணையம் புதிய போட்டியாக வரும் என்று எதிர்பார்த்தவர்கள், 2025 மார்ச்சில் ஸ்டார்லிங்கை விற்க ஏர்டெல்லும் மறுநாளே ஜியோவும் ஒப்பந்தம் போட்டதைப் பார்த்தார்கள். வெளியிலிருந்து வரும் போட்டியாளர் உள்ளே இருப்பவர்களின் கடையில்தான் பொருள் வைக்கப்போகிறார்.

அமெரிக்காவில் டி-மொபைலும் ஸ்பிரின்ட்டும் 2020 ஏப்ரலில் இணைந்தபோது, நான்கு மூன்றாகக் குறைவதை ஈடுகட்ட டிஷ் நிறுவனத்தை நான்காவதாக வளர்ப்பது என்று நிபந்தனை போட்டார்கள். ஐந்தே ஆண்டில், 2025இல், டிஷ்ஷின் தாய் நிறுவனம் தன் அலைக்கற்றையில் பெரும்பகுதியை ஏடி&டி நிறுவனத்துக்கும் ஸ்பேஸ்எக்ஸுக்கும் விற்க ஒப்புக்கொண்டது. காகிதத்தில் உருவாக்கிய போட்டியாளர் தெருவில் நிற்கவில்லை. இலங்கையிலும் எதிசலாட் 2018இல் ஹட்ச்சோடும், ஏர்டெல் லங்கா 2024இல் டயலாக்கோடும் சேர்ந்து, ஐந்து நிறுவனங்கள் மூன்றாகிவிட்டன.

ஈஜிபுராவிலேயே இதற்கு மாறான காட்சி ஒன்று உண்டு: வீட்டு இணையம். பெங்களூரில் தொடங்கிய ஏ.சி.டி. ஃபைபர்நெட், ஏர்டெல், ஜியோ, ஹாத்வே, உள்ளூர் கேபிள்காரர்கள் என்று ஒரே தெருவுக்கு நான்கைந்து பேர் வருகிறார்கள். அலைக்கற்றை ஏலம் தேவையில்லை. கம்பத்திலிருந்து கம்பத்துக்குக் கேபிள் இழுக்கத் தெரிந்தால் தொழில் நடத்தலாம். நுழைவுச் செலவு குறைந்த இடத்தில் போட்டி உயிரோடு இருக்கிறது. ஆனால் இங்கேயும் ஹாத்வேயின் கட்டுப்பாடு 2018இல் அறிவித்த ஒப்பந்தத்தின் வழியே ரிலையன்ஸிடம் போய்விட்டது. தலைக்கு மேல் தொங்கும் கேபிள்களை மின்கம்பங்களிலிருந்து அகற்ற மின் விநியோக நிறுவனமான பெஸ்காம் நடவடிக்கை எடுக்கும்போது, நிலத்தடியில் சொந்தக் குழாய் போட வசதியில்லாத சிறு கேபிள்காரர்கள்தான் முதலில் அடிபடுவார்கள். கேபிள் சிக்கலை நீக்க வேண்டியது நியாயம். யாரும் வாடகைக்கு எடுக்கக்கூடிய பொதுக் குழாயை மாநகராட்சி போடாமல் அதைச் செய்தால், ஐந்து இரண்டாகிவிடும்.

கைப்பேசியில் மிஞ்சியிருக்கும் மாற்று பி.எஸ்.என்.எல். 2024 ஜூலை விலையேற்றத்தின்போது அது தெரிந்தது. அந்த ஒரு மாதத்தில் மூன்று தனியார் நிறுவனங்களும் சேர்ந்து ஏறக்குறைய 40 லட்சம் பேரை இழந்தன; பி.எஸ்.என்.எல்.லுக்கு 29 லட்சம் பேர் வந்தார்கள். ஆனால் வந்தவர்களுக்குக் கொடுக்க அதனிடம் நாடு தழுவிய 4ஜி அன்று இல்லை. தனியார் நிறுவனங்கள் 5ஜிக்குப் போன பிறகு, 2025 செப்டம்பர் 27இல்தான் உள்நாட்டுக் கருவிகளால் ஆன அதன் 4ஜி சுமார் 97,500 கோபுரங்களோடு முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் கோபுரக் கருவிகளைச் செய்த தேஜஸ் நெட்வொர்க்ஸ் பெங்களூரு நிறுவனம். அலைக்கற்றையை வாங்கும் நிறுவனங்கள் நான்காகவும், கருவி விற்கும் பன்னாட்டு நிறுவனங்கள் ஒரு சிலவாகவும் இருக்கும் சந்தையில், உள்ளூரில் இன்னொரு கருவியாளர் எழுந்திருப்பது போட்டிக்கு நல்ல செய்தி.

டிராய் 2024 டிசம்பரில் அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான ரீசார்ஜைத் தனியாகத் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. அடுத்த மாதம் வந்த திட்டங்களில் 84 நாளுக்கு ஜியோ 448 ரூபாயும் ஏர்டெல் 469 ரூபாயும் வைத்தன. 28 நாளுக்குப் பிரித்தால் 150 ரூபாய் சுற்றி வருகிறது. ஆனால் மூன்று மாதத் தொகையை ஒரே தவணையில் கட்ட வேண்டும். வாரக்கூலியில் வாழும் வீட்டுக்கு அது சலுகை ஆகாது. 28 நாளுக்கான குரல் திட்டத்தையும் அதற்கொரு விலை வரம்பையும் நிர்ணயிக்க டிராய்க்கு அதிகாரம் இருக்கிறது. இதுவரை அது விலையைச் சந்தையிடமே விட்டிருக்கிறது.

அரசின் நிலையும் சிக்கலாகிவிட்டது. நிலுவைத் தொகையைப் பங்காக மாற்றியதில், 2025 ஏப்ரல் முதல் வி நிறுவனத்தில் அதற்குச் சுமார் 49 விழுக்காடு. பி.எஸ்.என்.எல். முழுவதும் அதனுடையது. அலைக்கற்றையை ஏலம் விடுவதும், கடனை வசூலிப்பதும், நான்கில் இரண்டு நிறுவனங்களின் பெரும் பங்குதாரராக இருப்பதும் ஒரே அமைச்சகம். வி மூழ்கினால் சந்தை இரண்டு தனியாரின் கைக்குப் போகும். அதைப் பி.எஸ்.என்.எல்.லோடு சேர்க்கலாம் என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. சேர்த்தால் நான்கு மூன்றாகும், மூன்றாவது நிறுவனத்துக்கு இரண்டு பேரின் கடனும் சேரும். தனித்தனியே வைத்து, பி.எஸ்.என்.எல்.லின் கோபுரங்களையும் வி-யின் அலைக்கற்றையையும் பகிர்ந்து நடத்தச் செய்தால் செலவு குறையும், கடையில் நான்கு பெயரும் நிற்கும். வி-யின் அடுத்தடுத்த தவணைகள் கட்ட வேண்டிய காலம் வரும்போது இந்த முடிவை அமைச்சகம் எடுத்தாக வேண்டும்.